காணிக்கை உறையின் பின்புறம் ஓர் எண்

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 63. திருத்துறைப்பூண்டிப் பக்கம், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஒரு கடைமடைக் கிராமத்தில் விவசாயம் செய்கிறேன். மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவ சபையில் இருக்கும் குடும்பம். ஆறு வருடங்களாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலை ஆறு மணி வரை தண்ணீர் மட்டும் குடித்து உபவாசமிருந்து, என் ஒரே மகனுக்காக ஜெபித்து வருகிறேன். ஈஸ்டருக்கு முந்திய லெந்து காலத்தின் 40 நாளும் ஒருவேளைச் சாப்பாடுதான். இன்றுவரை பதில் இல்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் கொல்லையில் இருந்த அறுபது தென்னையில் நாலுதான் மிஞ்சின. அதற்கடுத்த வருடம் மகன், ஏக்கரில் மூன்றில் இரண்டு பங்கு வரும் இரண்டு மா நிலத்தை விற்றுத் தன்னைச் சிங்கப்பூருக்கு அனுப்பும்படி கேட்டான். என் தகப்பனார் விட்டுப்போன நிலத்தை விற்க எனக்கு மனம் வரவில்லை. வார்த்தை தடித்தது. அவன் வட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டு கிளம்பினான். கோபத்தில் நானும், இனி இந்த வாசற்படியை மிதிக்காதே என்று சொல்லிவிட்டேன். எந்தத் தகப்பன் சொல்லாத வார்த்தை அது? அன்று முதல் என்னோடு பேச்சு இல்லை. கடனை அடைத்துவிட்டானாம், கலியாணமாகி ஒரு பெண் குழந்தையும் இருக்கிறதாம். எல்லாம் பிறர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எங்கள் சபையில் ஒரு சகோதரி 21 நாள் உபவாசமிருந்தார். பிரிந்து போன கணவர் திரும்பி வந்துவிட்டார் என்று எல்லார் முன்பாகவும் சாட்சி சொன்னார். நானும் கைதட்டினேன், ஆனால் வீட்டுக்கு வந்து சாப்பிட முடியவில்லை. ஜெபக்கூட்டம் நடத்த வந்த தேவ ஊழியர் ஒருவர் என் தலையில் கைவைத்து, விசுவாசக் குறைவு இருக்கிறது என்றார். வேதாகமத்தில் தானியேல் தீர்க்கதரிசி மூன்று வாரம் துக்கித்திருந்தார், தூதன் வந்தான். எனக்கு ஆறு வருடம் போய்விட்டது. என் மனைவியும் என்னோடு உபவாசம் இருப்பதில்லை. சர்க்கரை மாத்திரை போடுகிறவர் பட்டினி கிடக்கலாமா என்று சண்டை போடுகிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் உள்ளே முழங்காலில் நிற்கும்போது அவள் கொல்லைப்புற வாசற்படியில் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கிறாள். நான் வந்தால் எழுந்து போய்விடுகிறாள். வீட்டில் ஒருமனம் இல்லாததால்தான் ஜெபம் தடைபடுகிறதோ என்று தோன்றுகிறது.

கெட்ட குமாரன் புத்தி தெளிந்து தகப்பனிடம் திரும்பி வந்ததைப்போல என் மகனும் வருவான் என்று அந்த வேதபகுதியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். (போன பங்குனியில் என் மைத்துனர் அவனுடைய எண்ணை ஒரு காணிக்கை உறையின் பின்புறம் எழுதித் தந்தார். அதை வேதாகமத்துக்குள் வைத்து, ஜெபிக்கும்போது அதன்மேல் கைவைத்துக்கொள்கிறேன். கர்த்தர் அவன் மனதை இளகப்பண்ணுவதற்கு முன் நானாகக் கூப்பிடுவது முறையல்ல என்பதால் கூப்பிட்டதில்லை.)

கடைமடைக்காரனுக்குக் காத்திருக்கத் தெரியும். மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தாலும் எங்கள் வாய்க்காலில் அதைக் காண எத்தனையோ நாளாகும். ஆனால் இந்தக் காத்திருப்பை என்னால் தாங்க முடியவில்லை. என் உபவாச முறையில் ஏதும் பிழை இருக்கிறதா? தொடர்வதா, நிறுத்துவதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள ஐயா,

ஆறு வருடம் என்றால் முந்நூறுக்கும் மேற்பட்ட வெள்ளிக்கிழமைகள். அத்தனை நாளும் வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கொண்டிருந்த தகப்பனைப் பார்த்து விசுவாசக் குறைவு என்று ஒருவர் சொன்னது எனக்குப் பெரிய வருத்தத்தைத் தருகிறது. அந்தச் சொல்லை நீங்கள் இன்றோடு இறக்கி வைத்துவிடலாம். அந்தச் சகோதரியின் 21 நாளையும் உங்கள் ஆறு வருடத்தையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்கவும் வேண்டாம்.

நீங்கள் கேட்டது உபவாச முறையைப் பற்றி. எனக்கோ, கடிதத்தை எத்தனை முறை படித்தாலும் கண் அந்த அடைப்புக்குறிக்குள்தான் போய் நிற்கிறது. ஒரு பங்குனி தொடங்கி உங்கள் கைக்கு அடியில், ஒரு காகித உறையில், மகன் இருக்கிறார். அந்த உறையைத் தொட்டுக்கொண்டே, அவரை எனக்குத் தா என்று நீங்கள் ஆண்டவரிடம் கேட்கிறீர்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் என்னை அழவைத்த இடமே அதுதான். ஆனாலும் கேட்கிறேன்: உங்கள் ஜெபத்துக்குப் பதில் வரவில்லை என்று உறுதியாகச் சொல்லிவிட முடியுமா?

கெட்ட குமாரன் கதையை எடுத்துக்கொண்டீர்கள். லூக்கா 15ஆம் அதிகாரத்தை இன்னொரு முறை, மகனுடைய பக்கத்திலிருந்து வாசித்துப் பாருங்கள். அந்தக் கதையில் இளைய மகன் ஆஸ்தியில் தன் பங்கைக் கேட்டபோது தகப்பன் பங்கிட்டுக் கொடுத்தார். வாசற்படியை மிதிக்காதே என்று சொன்னதாக அங்கே ஒரு வரியும் இல்லை. அதனால்தான் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பன்றிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தபோதும், எழுந்து என் தகப்பனிடத்திற்குப் போவேன் என்று அவனால் நினைக்க முடிந்தது. உங்கள் மகனுடைய நிலைமை வேறு. அவர் எதையும் அழிக்கவில்லை. புயலில் சாய்ந்துபோன ஒரு வீட்டிலிருந்து பிழைப்புத் தேடிப் போய், வட்டிக்கு வாங்கிய கடனை அடைத்து, ஒரு குடும்பத்தையும் நடத்துகிறார். அவரைக் கெட்ட குமாரன் என்று வைத்துக்கொண்டதால், மனந்திரும்ப வேண்டியவர் அவர் ஒருவரே என்று ஆகிவிட்டது. நிலத்தை விற்க மறுத்ததை நான் தவறென்று சொல்ல மாட்டேன். கடைமடையில் இரண்டு மா நிலம் என்றால் ஒரு மனிதனுக்கு என்னவென்று எனக்குத் தெரியும். அந்த வாசற்படிச் சொல்லைப் பற்றியே பேசுகிறேன். எல்லாத் தகப்பனும் சொல்வதுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாரும் சொல்லலாம், ஆனால் சொன்னவரே திரும்ப எடுத்துக்கொண்டால் தவிர அது போகாது. கீழ்ப்படிதல் உள்ள பிள்ளையாக இருந்தால் இன்றும் அவர் அந்தச் சொல்லுக்குக் கீழ்ப்படிந்துதான் இருக்கிறார்.

காணிக்கை உறை என்றதும் மத்தேயு 5ஆம் அதிகாரம் உங்களுக்கே நினைவுக்கு வந்திருக்க வேண்டும். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாகிவிட்டு வா என்கிற பகுதி. அங்கே சொல்லியிருப்பது, உனக்கு உன் சகோதரன்மேல் குறை இருந்தால் என்றல்ல. அவனுக்கு உன்பேரில் குறை இருந்தால் என்று.

நீங்கள் ஏன் இதுவரை கூப்பிடவில்லை? முறையல்ல என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே ஒரு பயம் இருப்பதாக நான் நினைக்கிறேன். ஜெபித்துக்கொண்டிருக்கும்வரை பதில் இனிமேல் வரும் என்று இருக்கலாம். கூப்பிட்டு, அவர் உங்கள் குரலைக் கேட்டதும் துண்டித்துவிட்டால், அப்புறம் எதை நம்பி அடுத்த வெள்ளிக்கிழமை முழங்காலில் நிற்பது? பதிலைக் கேட்டுத் தொடங்கிய உபவாசம், எப்போது என்று தெரியாமலே, பதிலிலிருந்து உங்களைப் பாதுகாக்கும் இடமாக மாறியிருக்கிறது. இது யாருக்கும் நேரக்கூடியது. ஆறு வருடம் நேசித்தவருக்கு இன்னும் அதிகமாகவே நேரும்.

என் அப்பாவும் கடைமடை விவசாயிதான். வைகாசியில், ஆற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாதபோது, மண்வெட்டியோடு போய் எங்கள் பங்கு வாய்க்காலில் கோரையையும் காய்ந்த ஆகாயத்தாமரையையும் வெட்டி வெட்டிக் கரையில் போடுவார். மேட்டூரைத் திறப்பது அவர் கையில் இல்லை. வாய்க்கால் அவர் கையில் இருந்தது. காத்திருக்கத் தெரியும் என்று எழுதிய உங்களுக்கு இந்தப் பாதியும் தெரிந்திருக்கும்.

ஆகவே ஜெபத்தை நிறுத்தாதீர்கள். அவன் மனதை மாற்றும் என்பதோடு, என் வாயைத் திறந்தருளும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். உபவாசத்தைப் பற்றி மட்டும் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும்: சில சர்க்கரை மாத்திரைகளைச் சாப்பாடு இல்லாமல் போட்டால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். இதில் உங்கள் மனைவி சொல்வதே சரி. மருத்துவரிடம் பேசாமல் அடுத்த உபவாசம் வேண்டாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்துவதும் கூடாது.

பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த எண்ணைக் கூப்பிடுங்கள். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், குழந்தை தூங்கும் முன் கூப்பிடுவது நல்லது. வசனம் சொல்லாதீர்கள், ஊருக்கு வா என்று சொல்லாதீர்கள், நிலத்தைப் பற்றிப் பேசாதீர்கள். அன்றைக்கு வாசலில் நான் சொன்னது தப்பு என்ற ஒரு வாக்கியம் போதும். அதற்குப்பின் வரும் மௌனத்தை அவருக்கு விட்டுவிடுங்கள். முதல் தடவை அவர் எடுக்காமலும் போகலாம். இரண்டு வாரம் கழித்து மறுபடி கூப்பிடுங்கள்.

இன்னொன்று. கொல்லைப்புற வாசற்படியில் உங்கள் மனைவி யாரோடு பேசுகிறார் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை என்பது மட்டும் தெரிகிறது. கூப்பிடப் போவதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். அவர் எழுந்து போகும் முன், அந்தப் படியில் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொல்லுங்கள்.