மூன்று பேர் ஒரே டிவியில் சேர்ந்து ஜாலியாக விளையாட எந்த வீடியோ கேம் சரிப்படும்?

ஒரே டிவி முன் உட்கார்ந்து, எதிரிகளாக இல்லாமல் ஒரே அணியாக ஆடுவதுதான் கவுச் கோ-ஆப். மூன்று பேர் என்றால்தான் சிக்கல். 'இட் டேக்ஸ் டூ' (2021) போன்றவை இருவருக்காகவே உருவானவை. மூன்றாமவர் வேடிக்கைதான் பார்க்கலாம். அதனால் 'நான்கு பேர் வரை' என்று போட்டிருப்பதைத் தேடுங்கள்.

என் தேர்வு 'ஓவர்குக்டு 2' (2018). ஒருவர் காய் நறுக்க, ஒருவர் அடுப்பைப் பார்க்க, ஒருவர் தட்டு கழுவ, கல்யாண வீட்டுச் சமையற்கட்டு மாதிரி ஒரே களேபரம். சாதம் கருகினாலும் சிரிப்புதான் (கொஞ்சம் சண்டையும் வரும்). வீடு காலிசெய்யும் 'மூவிங் அவுட்' (2020) இன்னும் லேசானது. சாமான்களை ஜன்னல் வழியே வீசலாம்!

அப்புறம், ஆளுக்கொரு பிரதி வாங்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே வீட்டில் ஆட ஒன்று போதும். ஓவர்குக்டில் ஒரே கன்ட்ரோலரை இருவர் பாதி பாதியாகப் பிடித்தும் ஆடலாம்.