கிராஸ் மாற்றிய பிறகு வண்டி அதிர்கிறதே, ஏன்?

தாராபுரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என் பொலேரோவில் கிளட்சை விடும்போதெல்லாம் அடியில் 'டங்' என்று சத்தம் வந்தது. புரொப்பெல்லர் ஷாஃப்டில் இரண்டு கிராஸும் தேய்ந்துவிட்டன என்று சொல்லி மாற்றிக் கொடுத்தார்கள். சத்தம் போய்விட்டது. ஆனால் இப்போது 65-ஐத் தாண்டினால் தரையும் சீட்டும் அதிர்கின்றன, 80-ல் உட்காரவே முடியவில்லை. பட்டறையில் கேட்டால் 'புது கிராஸ்தானே, ஓட ஓடச் சரியாகிவிடும்' என்கிறார்கள். ஆகுமா?"

ஆகாது. புதுச் செருப்பு நாலு நாள் கடித்துவிட்டு அப்புறம் பழகிக்கொள்ளும். கிராஸ், அதாவது கியர்பாக்ஸ் சுற்றைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் முனையில் உள்ள கூட்டல் குறி வடிவ மூட்டு, அப்படிப் பழகாது. தேய்ந்தபோது இல்லாத அதிர்வு மாற்றிய பிறகு வந்திருக்கிறது என்றால், அன்று கழற்றி மாட்டிய வேலையில்தான் காரணத்தைத் தேட வேண்டும். அதனால் இன்னொரு ஜோடி கிராஸ் வாங்கப் போய்விடாதீர்கள்.

முதலில், அதிர்வு ஷாஃப்டிலிருந்துதான் வருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலையில், அதிர்வு வரும் வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றிச் சில விநாடிகள் உருள விடுங்கள். எஞ்சினை அணைக்க வேண்டாம், பிரேக் பலம் போய்விடும். அதிர்வு அப்படியே தொடர்ந்தால் எஞ்சின், கிளட்ச் மேல் சந்தேகம் தேவையில்லை. மிச்சம் டயரும் ஷாஃப்டும். உங்கள் வண்டி அளவு டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் போகும். 80 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 10 சுற்று. கிரவுன் விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது, 4 என்று வைத்துக்கொண்டால் ஷாஃப்ட் நொடிக்கு 40 சுற்று. டயர் கோளாறு ஸ்டியரிங்கையோ உடம்பையோ உலுக்கும். ஷாஃப்ட் கோளாறு தேனீ மாதிரி 'உம்ம்' என்று தரை வழியாக ஏறும். நீங்கள் சொல்வது இரண்டாவது ரகம்.

இப்போது வண்டிக்கு அடியில் போகலாம். போகும் முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு போடுங்கள். ஷாஃப்டைக் கழற்றிய அந்த நொடியிலிருந்து வண்டியைக் கியரில் போட்டு நிறுத்துவது பலிக்காது, ஏனென்றால் கியர்பாக்ஸுக்கும் பின் சக்கரத்துக்கும் தொடர்பே இருக்காது. பழக்கத்தில் மறந்துபோகிற விஷயம் இது.

அடியில் படுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது, கிராஸைப் பிடித்திருக்கும் ஷாஃப்டின் இரண்டு முனைக் காதுகளும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கின்றனவா என்பதை. பத்தில் பாதி வண்டிக்கு வைத்தியம் இங்கேயே முடியும் என்பது என் அனுபவம். காரணம் கொஞ்சம் சுவாரசியமானது. கிராஸ் ஜாயிண்ட் சாய்வாக நிற்கும்போது, உள்ளே வரும் சுற்று ஒரே வேகத்தில் இருந்தாலும் வெளியே போகும் சுற்று அப்படி இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறையும். சாய்வு 10 டிகிரி என்றால் இந்த ஏற்ற இறக்கம் பக்கத்துக்கு ஒன்றரை சதவீதம். பள்ளியில் ஸ்பிரிங் விதிக்காகப் படித்தோமே, அந்த ராபர்ட் ஹூக் பெயரில்தான் இந்த மூட்டும் வழங்குகிறது. முன் ஜாயிண்ட் செய்யும் குழப்பத்தைப் பின் ஜாயிண்ட் சரியாக எதிர்த்துச் சமன் செய்ய வேண்டும். அதற்கு ஷாஃப்ட் குழாயின் இரு முனைக் காதுகளும் ஒரே தளத்தில் இருந்தாக வேண்டும்.

ஷாஃப்ட் நீண்டு சுருங்க இடம் கொடுக்கும் ஸ்லிப் பாகத்தை முழுக்க உருவி எடுத்துவிட்டு, குறி பார்க்காமல் திரும்பச் செருகினால் இது கெடும். அதைச் செருகும் பல் வெட்டிய பகுதிக்கு ஸ்ப்ளைன் என்று பெயர். 16 பல் உள்ள ஸ்ப்ளைனில் ஒரு பல் தள்ளினாலே 22½ டிகிரி விலகிவிடும். சமன் செய்ய வேண்டிய ஜாயிண்டே அதிர்வைக் கூட்டத் தொடங்கும். நானே தொழில் கற்ற காலத்தில் ஒரு பல் மாற்றிப் பூட்டிவிட்டு, இரண்டு நாள் டயரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அம்புக்குறியோ பஞ்ச் குறியோ கிரீஸுக்கு அடியில் இருக்கும், துடைத்துப் பாருங்கள். நடுவில் சென்டர் பேரிங்கோடு இரண்டு துண்டாக வரும் ஷாஃப்ட் என்றால் கண் அளவை நம்ப வேண்டாம். சிலவற்றில் கம்பெனியே வேறு கோணத்தில் அமைத்திருக்கும். அங்கே குறிதான் வேதம்.

காதுகள் நேராக இருந்தால் ஷாஃப்டை இறக்கி, ஜாயிண்டைக் கையால் நாலு திசையிலும் அசைத்துப் பாருங்கள். லேசான இறுக்கத்தோடு ஒரே சீராக வளைய வேண்டும். ஒரு திசையில் மட்டும் முரண்டு பிடித்தால் இரண்டில் ஒன்று. கிராஸின் கை நுனிகளில் மாட்டும் கப்பை அடித்து இறக்கும்போது அதற்குள் இருக்கும் ஊசி பேரிங் ஒன்று சாய்ந்து அடியில் படுத்திருக்கலாம். அப்படியானால் கப் முழுசாக உட்காராது, கப்பைப் பூட்டும் வளையமான சர்க்கிளிப்பும் தன் பள்ளத்தில் முழுக்க விழாது. இல்லையென்றால் கப் அளவுக்கு மீறி உள்ளே அழுந்தியிருக்கும். இதற்குப் பித்தளைச் சுத்தியலால் காதின் பக்கத்தில் ஒரு தட்டு போதும், கப் நகர்ந்து சர்க்கிளிப்போடு ஒட்டிக்கொள்ளும். ஊசி படுத்திருந்தால் மட்டும் தட்டுவதால் பயனில்லை, பிரித்தே ஆக வேண்டும்.

சர்க்கிளிப் நாலும் ஒரே தடிமனா என்றும் பாருங்கள். கைக்குக் கிடைத்ததை மாட்டுவது நம் ஊர்ப் பழக்கம். தடிமன் மாறினால் கிராஸ் நடுவில் நிற்காது. ஒரு முனையில் 5 கிலோ எடை வெறும் 0.2 மி.மீ. விலகினாலும், மேலே சொன்ன 40 சுற்று வேகத்தில் ஏறக்குறைய 6 கிலோ இழுப்பு சுற்றிச் சுற்றி உதைக்கும். ஷாஃப்டை போல்ட் போட்டு மாட்டும் தட்டான ஃபிளாஞ்சில் துருவோ பெயின்டோ ஒட்டியிருந்தாலும் இதே கதைதான். அதைச் சுரண்டிச் சுத்தமாக்கி, ஃபிளாஞ்சை 180 டிகிரி திருப்பி மாட்டி ஒரு ஓட்டம் ஓட்டிப் பாருங்கள். கழற்றியபோது யாரும் குறி போட்டிருக்க மாட்டார்கள்.

குழாயின் மேல் சின்னத் தகரத் துண்டுகள் வெல்டு வைத்திருக்கும். அவைதான் பேலன்ஸ் எடை. அடித்த அடியில் ஒன்று உதிர்ந்திருந்தால் அந்த இடம் மட்டும் சதுரமாகப் பளிச்சென்று தெரியும். குழாயில் நசுங்கல் இருந்தாலும் காது விரிந்திருந்தாலும் வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை.

இன்னொரு கேள்வி: ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதிகமாகி, விட்டால் குறைகிறதா? அப்படியானால் சாய்வுக் கோணத்தைப் பாருங்கள். கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பர் தொய்ந்ததா, பின்பக்கக் கட்டுப் பட்டை ஸ்பிரிங் சமீபத்தில் ஏற்றப்பட்டதா? கியர்பாக்ஸ் முனையும் கிரவுன் முனையும் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். மிதித்தாலும் விட்டாலும் வேகத்தை மட்டும் பொறுத்து வந்தால் அது பேலன்ஸ்தான்.

பேலன்ஸ் என்று தோன்றினால், லேத்துக்குப் போகும் முன் ஒரு சிக்கனமான சோதனை உண்டு. கிரவுன் பக்கம் குழாயைச் சுற்றி ஒரு ஹோஸ் கிளிப் மாட்டி, திருகுத் தலையை மேல், கீழ், இரு பக்கம் என்று நாலு இடத்தில் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஒரு இடத்தில் அதிர்வு குறைந்து, எதிர்ப் பக்கத்தில் கூடினால் சந்தேகம் உறுதி. இதையே நிரந்தரமாக விடாமல் பேலன்சிங் மெஷின் உள்ள இடத்தில் கொடுங்கள். ஸ்லிப் பாகத்தைப் பிரிக்காமல் முழு ஷாஃப்டாகவே கொடுங்கள், கொடுக்கும் முன் நீங்களே பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அதுவரை 60-க்கு மேல் ஓட்ட வேண்டாம். இந்த அதிர்வு முதலில் கடிப்பது கியர்பாக்ஸ் வால் புஷ்ஷையும் பினியன் ஆயில் சீலையும்தான்.