முதல் யுகுலேலே: மலையகத்தில் இருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

பள்ளிக்கூட விடுமுறை நெருங்கினாலே, கிட்டார் மாதிரிச் சின்னதாக நான்கு தந்தியோடு இருக்கும் யுகுலேலே பற்றி என்னிடம் கேள்விகள் கூடிவிடும். ஹட்டன் பக்கம் ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கிறேன். பிள்ளைகளின் வாத்தியங்களுக்குச் சுருதி சேர்ப்பது, தந்தி மாற்றுவது, சின்னப் பழுது பார்ப்பது எல்லாம் என் தலையில்தான். இந்த முறை கேட்டவர்களுக்கு ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஹட்டனில் இருந்து ஒரு அம்மா: அண்ணே, மகள் தரம் 6. யுகுலேலே வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். டவுனில் விளையாட்டுச் சாமான் கடையில் பூப்போட்ட ஒன்று மலிவாக இருக்கிறது. அதை வாங்கிக் கொடுத்து, ஆசை நிலைக்கிறதா என்று பார்க்கலாமா?

வேண்டாம் அக்கா. நீங்கள் யோசிப்பது நியாயம்தான், ஆனால் அந்தச் சாமானை வைத்து ஆசையைச் சோதிக்க முடியாது. நல்ல ஆசையையும் அது கெடுத்துவிடும்.

என் கதையையே சொல்கிறேன். முதல் யுகுலேலேயைக் கொழும்பில் ஒரு கடையில் நிறத்தைப் பார்த்து வாங்கினேன். சி கோர்ட் (கோர்ட் என்றால் பல தந்திகளை ஒன்றாகத் தட்டும் சுரக்கூட்டு) நன்றாகக் கேட்கும். எஃப் பிடித்தால் புளித்த தயிர் மாதிரி இருக்கும். மூன்று மாதம் என் காதைத்தான் சந்தேகப்பட்டேன். குழுவில் கிட்டார் வாசிக்கும் அண்ணன் ஒருவர் சுருதி காட்டும் டியூனரை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் சின்னத் துண்டு இருக்கிறதே, நட், அது உயரமாக இருந்திருக்கிறது. அதனால் முதல் கட்டத்தில் (கழுத்தில் குறுக்கே போகும் கம்பிகளுக்கு இடைப்பட்ட இடம்தான் கட்டம்) அழுத்தும்போது தந்தி கூடுதலாக இழுபட்டுச் சுருதி ஏறிவிடும். எஃப் கோர்டில் முதல் கட்டம் வருகிறது, சி கோர்டில் வராது. நட்டின் பள்ளங்களைச் சின்ன அரத்தால் கொஞ்சம் ராவினார், அதோடு சரியாகிவிட்டது. (நீங்களாக ராவப் போகாதீர்கள். கூடிப்போனால் தந்தி ஙொய் என்று அடிக்கும்.)

ஆகவே கடைக்குப் போகும்போது போனில் இலவச டியூனர் ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு போங்கள். முதலில் நான்கு தந்தியையும் சுருதி சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு தந்தியையும் 12ஆம் கட்டத்தில் அழுத்தித் தட்டுங்கள். அழுத்தாமல் திறந்து தட்டியபோது வந்த அதே சுர எழுத்து டியூனரில் வரவேண்டும், முள் நடுவில் நிற்கவேண்டும். முதல் கட்டத்திலும் அழுத்திப் பாருங்கள், முள் மேலே ஓடினால் வைத்துவிட்டு வாருங்கள். 12ஆம் கட்டத்தில் தந்திக்கும் பலகைக்கும் இடையே 3 மில்லிமீற்றருக்கு மேல் இருந்தால் பிள்ளையின் விரல் வலிக்கும். சுருதி முறுக்கும் காதுகள் பல்சக்கரம் உள்ளவையாக இருக்கட்டும். வெறும் உராய்வில் நிற்கும் மலிவான காதுகள் நழுவிக்கொண்டே இருக்கும். இத்தனையும் சரியென்றால் பூப்போட்டிருந்தாலும் வாங்குங்கள், எனக்குப் பூவோடு பகை இல்லை.

தலவாக்கலை, உயர்தர மாணவன்: சொப்ரானோ, கொன்சர்ட், டெனர் என்று அளவு சொல்கிறார்கள். எனக்கு விரல் தடிப்பு. எது எடுப்பது?

கொன்சர்ட் எடு தம்பி. சொப்ரானோ 21 அங்குலம், கொன்சர்ட் 23, டெனர் 26. மூன்றுக்கும் ஒரே சுருதி, ஒரே கோர்ட். இரண்டு அங்குலம்தான் வித்தியாசம் என்றாலும் விரலுக்கு அது போதும். சின்னப் பிள்ளைக்கும், காசு இறுக்கமானவர்களுக்கும் சொப்ரானோவே நல்லது. பெரிய உடம்புக்காரர்கள் அதில் அழகாக வாசிப்பதையும் பார்த்திருக்கிறேன். 30 அங்குல பாரிடோன் மட்டும் வேண்டாம். அதன் சுருதியே வேறு, வழக்கமான பாடக் காணொளிகள் ஒத்துவராது.

இராகலை: நான் கோயில் பஜனைக்கு ஆர்மோனியம் வாசிப்பவன். நான்கு தந்திக்கும் ஜி, சி, ஈ, ஏ என்று சுருதி சொன்னால் தலை சுற்றுகிறது. நம் கட்டைக் கணக்கில் சொல்லுங்கள்.

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். மேலிருந்து கீழே 5, 1, 3, 6 கட்டை. ஒன்று கட்டையை ஸ என்று வைத்தால் திறந்த தந்திகள் ப, ஸ, க, த. அதாவது மோகன ராகத்தின் ஐந்து சுரங்களில் நான்கு சும்மாவே கிடக்கின்றன. ஸ தந்தியில் இரண்டாம் கட்டத்தை அழுத்தினால் ரி. மோகனம் தயார்! ஆனால் வீணை மாதிரி தந்தியை இழுத்துக் கமகம் கொடுக்க வராது, நைலோன் தந்தி அதற்கு இடம்கொடுக்காது. நடு ஸ்தாயி ஸ-வுக்குக் கீழே இறங்கவும் முடியாது. பாட்டுக்குப் பின்னால் கோர்ட் போட்டால்தான் இது சோபிக்கும்.

பண்டாரவளை: புதிதாக வாங்கினேன் சேர். மேலே இருக்கும் தந்தி மெல்லியதாக இருக்கிறது, தவறாகப் போட்டிருக்கிறார்களா? பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சுருதியும் இறங்குகிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. மேல் தந்தி உயர்ந்த ஜி, அப்படித்தான் இருக்கவேண்டும். கிட்டார் மாதிரி தடிப்பிலிருந்து மெலிவுக்கு வராது. யுகுலேலேயின் துள்ளல் சத்தமே அதில்தான் இருக்கிறது. புதுத் தந்தி ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் நீண்டுகொண்டே இருக்கும். தினமும் சேர்த்து வாசியுங்கள், அடங்கிவிடும். மூன்றாம் வாரமும் இறங்கினால் காதுகளின் திருகாணியைப் பாருங்கள்.

நுவரெலியா: இங்கே சுவரே வியர்க்கிறது. நல்ல மரத்தில் வாங்கினால் கெட்டுப்போகுமா?

முதல் வாத்தியத்துக்கு ஒட்டுப்பலகையே போதும். ஒரே பலகையில் செய்ததற்கு நாதம் கூடுதல்தான், ஆனால் ஈரம் ஏறி இறங்கும்போது உப்பும், சுருங்கும், வெடிக்கும். ஒட்டுப்பலகை இந்த மூடுபனியைப் பொறுத்துக்கொள்ளும், விலையும் குறைவு. பிளாஸ்டிக் உடல் என்றாலும் முகம் சுளிக்க வேண்டாம். 1949இல் மரியோ மக்காஃபெர்ரி வெளியிட்ட பிளாஸ்டிக் யுகுலேலே லட்சக்கணக்கில் விற்றது. சுருதி நிற்கிறதா என்பதுதான் விஷயம். உறைக்குள் சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டைப் போடுங்கள். லயக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) அடுப்புக்கு மேலே மட்டும் மாட்டிவைக்காதீர்கள். இங்கே எல்லாச் சாமானும் அங்கேதான் ஏறும், எனக்குத் தெரியும். சூட்டில் பசை விட்டுவிடும்.

பதுளை: எவ்வளவு ஒதுக்கவேண்டும்? எந்தப் பெயரை நம்பலாம்?

ரூபாயில் சொன்னால் அடுத்த மாதம் பொய்யாகிவிடும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டதே, அதற்கு முன்னால் வாங்கிய நண்பர் சொல்லும் விலையை நம்பிக் கடைக்குப் போகாதீர்கள். வெளிநாட்டு விலையில் 50 டொலரை ஒட்டியவற்றில் இருந்துதான் நான் பிள்ளைகளுக்குத் துணிந்து கையைக் காட்டுவேன். கலா நிறுவனத்தின் கேஏ-15எஸ் என்ற சொப்ரானோவை நம்பலாம். அதே நிறுவனத்தின் மகாலா இன்னும் மலிவு. மஹாலோ என்பது வேறு நிறுவனம், அதுவும் ஓடும், ஆனால் அதில் கட்டாயம் தந்தி மாற்றுங்கள். இத்தாலியின் அக்குவிலா தந்தி போட்டால் அதே பெட்டி வேறு குரலில் பேசும். காசு பற்றாவிட்டால் கவ்வும் டியூனரை விட்டுவிடுங்கள், போன் இருக்கிறது. உறையை விடாதீர்கள், பஸ்ஸில் கொண்டுபோக வேண்டுமே.

மஸ்கெலியா: கிட்டார் இரும்புக் கம்பி போட்டால் சத்தம் கூடுமா?

தந்திகளின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் துண்டு, பிரிட்ஜ், பிய்த்துக்கொண்டு வரும். வேண்டாம்.

பொகவந்தலாவை, ஒரு டீச்சர்: இது ஹவாய்க்காரர்களின் வாத்தியமா? பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.

ஹவாயில் பிறந்தது, ஆனால் கப்பலில் வந்த பிள்ளை, டீச்சர். போர்த்துக்கல்லின் மதெய்ரா தீவில் மச்சேட்டே என்ற சின்ன நான்கு தந்தி வாத்தியம் இருந்தது. 1879 ஓகஸ்டில் ராவன்ஸ்கிராக் என்ற கப்பல் மதெய்ராவில் இருந்து நானூறுக்கு மேற்பட்டவர்களை ஹொனலுலுவில் இறக்கியது. எதற்கு? கரும்புத் தோட்டத்தில் வேலை செய்ய. அந்தக் கப்பலில் வந்த மூன்று தச்சர்கள், மனுவேல் நூனெஸ், அகுஸ்தோ தியாஸ், ஜோசே தோ எஸ்பிரித்து சாந்து, பிறகு செய்து விற்றவைதான் யுகுலேலே ஆயின. அந்த ஹவாய்ச் சொல்லுக்குத் துள்ளும் தெள்ளுப்பூச்சி என்று பொருள் சொல்வார்கள். அதே காலத்தில் இங்கே கோப்பி நோயில் அழிந்துகொண்டிருந்தது, நம் ஆட்கள் தோட்டங்களில் தப்புப் பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பில் இதைச் சொல்லுங்கள், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கொட்டகலை: பாவித்த ஒன்று பாதி விலைக்கு வருகிறது. எடுக்கலாமா அண்ணே?

எடுக்கலாம், அதே டியூனர் சோதனையைச் செய்துவிட்டு. கூடவே பிரிட்ஜின் பின்விளிம்பைப் பார். விரல் நகம் நுழையும் அளவுக்குத் தூக்கியிருந்தால் திருப்பிக் கொடு. கழுத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து நோட்டம் விடு, வில் மாதிரி வளைந்திருக்கக்கூடாது. தந்தி பழசு என்றால் கவலையில்லை, அதைச் சொல்லி இன்னும் கொஞ்சம் குறைத்துக் கேள்.