விழா முடிந்த மறுநாள்

வணக்கம் ஐயா,

நான் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆசிரியன், மாணவர் நலக் குழுவிலும் இருக்கிறேன். எங்கள் வளாகத்தில் பல மொழி, பல மதம், பல நாட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆண்டுதோறும் பண்பாட்டு விழா நடத்துகிறோம். அன்று எல்லோரும் கலந்து ஆடுகிறார்கள், மறுநாள் பார்த்தால் பழையபடி அவரவர் கூட்டத்தோடு அவரவர். எல்லோருக்கும் கட்டாயமாக ஒரு நாள் பயிற்சி வைக்கலாம் என்கிறார்கள் சிலர். மொழிவாரிச் சங்கங்களைத் தடைசெய்ய வேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். உங்கள் கருத்து என்ன?

(பெயரை வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள நண்பருக்கு,

விழா பாட்டுக்கு நடக்கட்டும், அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் ஒருவர் மேடையில் ஆட இன்னொருவர் கீழே கைதட்டுவதில் எவ்வளவு உறவு உண்டாகுமோ அவ்வளவுதான் உண்டாகும். கட்டாயப் பயிற்சியும் அப்படித்தான், வருகைப் பதிவுக்காக உட்கார்ந்திருக்கும் கூட்டத்திடம் நல்லெண்ணத்தைப் பற்றி மூன்று மணி நேரம் பேசி என்ன ஆகப்போகிறது?

கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954லேயே இதை யோசித்திருக்கிறார். இரண்டு தரப்பினர் பழகினால் வெறுப்பு குறைய வேண்டுமென்றால் சமமான நிலை, பொதுவான இலக்கு, சேர்ந்து செய்தே ஆகவேண்டிய வேலை, நிர்வாகத்தின் ஆதரவு ஆகிய நான்கும் வேண்டும் என்றார். நான்கும் இல்லாவிட்டாலும் பழக்கத்துக்கு ஓரளவு பலன் உண்டு, இருந்தால் பலன் கூடும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. உங்கள் விழாவில் நான்காவது மட்டும் நிறையவே இருக்கும் என்று நினைக்கிறேன், துணைவேந்தர் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார் இல்லையா.

மூன்றாவதுதான் முக்கியம். 1971ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்துப் பள்ளிகளில் கறுப்பின, வெள்ளையின, ஸ்பானியவழிப் பிள்ளைகளை முதல்முறையாக ஒரே வகுப்பில் உட்காரவைத்தபோது அடிதடி வந்தது. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளரைக் கூப்பிட்டார்கள். அவர் ஒற்றுமையைப் பற்றி எதுவும் பேசவில்லை. பாடத்தைத் துண்டுகளாக்கி, கலந்து அமைத்த சிறு குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். ஒவ்வொருவரும் தன் பகுதியைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும், பரீட்சை மட்டும் முழுப் பாடத்திலும். திக்கித் திக்கிப் பேசுகிற பையனை இதுவரை கேலி செய்தவனுக்கு இப்போது அவன் வாயிலிருந்து வரும் விஷயம் வேண்டும், கேலி செய்தால் தன் மதிப்பெண்தான் போகும்.

உங்கள் வளாகத்தில் ப்ராஜெக்ட் குழுக்களை யார் பிரிக்கிறார்கள்? "நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்" என்று ஆசிரியர் சொல்லிவிட்டுப் போய்விட்டால் வேறு எப்படிப் பிரிவார்கள்? குழுவைக் கலந்து அமைத்தாலும் அதோடு முடியாது. பாடமொழி சரளமாக வராத மாணவிக்கு எப்போதும் டைப் செய்கிற வேலையும் நன்றாகப் பேசுகிறவனுக்கு எப்போதும் மேடையும் போய்ச்சேரும், அங்கே ஆல்போர்ட் சொன்ன சமநிலை காலி. யார் எதைச் செய்வது என்பதையும் ஆசிரியரே முறைவைத்து மாற்ற வேண்டும்.

அப்புறம் விடுதி. ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு அறைத்தோழர் அமைந்த விதத்தை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2008ல் வெளியானது. கறுப்பின மாணவரோடு தங்கிய வெள்ளையின மாணவர்கள் தங்கள் அறைவாழ்க்கையில் மற்றவர்களைவிடக் குறைவாகவே திருப்தி அடைந்திருந்தார்கள், ஆனால் சில மாதங்களில் அவர்களுக்குள் ஊறியிருந்த வெறுப்பு குறைந்திருந்தது. இதை வார்டன்களிடம் சொல்லிவைக்க வேண்டும், ஏனென்றால் முதல் வாரத்திலேயே "ஒத்துவரவில்லை சார்" என்று ஒருவன் வந்து நின்றதும் அறையை மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுக்கலாம். அவமதிப்போ மிரட்டலோ என்றால் மட்டும் பொறுக்கக்கூடாது, அன்றைக்கே மாற்ற வேண்டும், அதிலும் பாதிக்கப்பட்டவனை மூட்டை கட்டவைக்காமல் செய்தவனை மாற்ற வேண்டும். கலந்து தங்கவைக்கிறேன் என்று ஒரு மாடிக்கு ஒரே ஒரு சிறுபான்மை மாணவனை மட்டும் போட்டுவிடவும் வேண்டாம். இரண்டு மூன்று பேராவது இருந்தால்தான் அவன் தன் இனத்துக்கே பிரதிநிதியாக நாளெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்காமல் நிம்மதியாகப் படிப்பான்.

ரொம்பவும் எதிர்பார்க்காதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வட இராக்கில் ஐஎஸ் என்ற பயங்கரவாத அமைப்பின் தாக்குதலால் இடம்பெயர்ந்த கிறிஸ்தவ இளைஞர்களின் கால்பந்து அணிகள் சிலவற்றில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்து சல்மா மூசா என்ற ஆய்வாளர் ஒரு சோதனை நடத்தினார், 2020ல் அதன் முடிவு வந்தது. கலப்பு அணியில் ஆடியவர்கள் மாதக்கணக்கில் கழித்தும் முஸ்லிம்களோடு சேர்ந்து பயிற்சி செய்தார்கள். மைதானத்துக்கு வெளியே, முன்பின் தெரியாத முஸ்லிம்களிடம் அந்த நெருக்கம் அவ்வளவாகத் தெரியவில்லை. வகுப்பில் கலந்தால் விடுதியில் தானாகக் கலந்துவிடும் என்று நம்பி உட்கார முடியாது என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாகச் செய்யவேண்டிய வேலை இது.

சங்கங்களைத் தயவுசெய்து தொடாதீர்கள். நாள் முழுக்க இன்னொருவர் மொழியில் பேசி, இலக்கணம் பிசகிவிட்டதோ என்று பயந்து பயந்து இருக்கும் பிள்ளைக்கு மாலையில் ஒரு மணி நேரம் தன் மொழியில் வாய்விட்டுச் சிரிக்க ஓர் இடம் வேண்டாமா? அது இருந்தால்தான் மறுநாள் வகுப்புக்கு வர தெம்பு வரும். இன்னொன்றும் கவனித்துப் பாருங்கள், பெரும்பான்மைப் பிள்ளைகள் பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்தால் அதை நாம் நட்பு என்கிறோம், சிறுபான்மைப் பிள்ளைகள் நாலு பேர் உட்கார்ந்தால்தான் 'கூட்டம்' என்று நம் கண்ணுக்குத் தெரிகிறது. உங்கள் கடிதத்தில் வந்த 'அவரவர் கூட்டம்' யார் யாரைக் குறிக்கிறது?

எங்கிருந்து தொடங்குவது என்றால் அறை ஒதுக்கீட்டிலிருந்து தொடங்குங்கள். அடுத்த ஆண்டுப் பட்டியல் தயாராகும் முன்பே வார்டனைப் போய்ப் பாருங்கள், நோட்டீஸ் போர்டில் ஒட்டியபிறகு எந்த வார்டனும் எதையும் மாற்றமாட்டார்.