டீச்சரிடம் கேளுங்கள்: கொடியும் பழைய கணக்கும்

"அடிமை முறையை ஒழித்த நாடு எங்களுடையது" என்று லண்டனில் என் மகனோடு வேலை பார்க்கும் ஆங்கிலேய நண்பர் பெருமையாகச் சொல்கிறாராம். அது உண்மையா டீச்சர்?
*வாசகர், நாகர்கோவில்*

உண்மை இருக்கிறது ஐயா. அதை நாம் மறுக்கக் கூடாது. 1787-ல் லண்டனில் ஓர் அச்சுக்கூடத்தில் பன்னிரண்டு பேர் கூடி, அடிமை வணிகத்தை ஒழிக்க ஒரு குழு அமைத்தார்கள். அவர்களில் ஒருவரான தாமஸ் கிளார்க்சன் குதிரை மேல் ஊர் ஊராகப் போனார். பிரிஸ்டல், லிவர்பூல் துறைமுகங்களில் மாலுமிகளைத் தேடிப் பிடித்துச் சாட்சியம் எழுதி வாங்கினார். லிவர்பூல் கடை ஒன்றில் விற்பனைக்கு இருந்த கைவிலங்குகளை வாங்கி வந்து எல்லாருக்கும் காட்டினார். ஓட்டுரிமையே இல்லாத பெண்கள், அடிமைகள் விளைவித்த சர்க்கரை எங்கள் வீட்டுக்குள் வரக் கூடாது என்றார்கள். 1807-ல் வணிகம் தடை செய்யப்பட்டது. அதன்பின் பிரிட்டிஷ் கடற்படை மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ரோந்து சுற்றி ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேரை மீட்டது. இவ்வளவும் நடந்த கதை, பெருமைப்பட வேண்டிய கதை.

ஆனால் நண்பர் மீதியையும் சொல்ல வேண்டும். அதற்கு முன்பு முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கடல் கடத்தியவையும் பிரிட்டிஷ் கப்பல்கள்தான். லண்டனில் மசோதா வரும் என்று எல்லா அடிமைகளும் காத்துக்கொண்டிருக்கவும் இல்லை. ஹெய்ட்டியில் அவர்களே போராடி 1804-ல் தனி நாடு கண்டார்கள். ஜமைக்காவில் 1831 கிறிஸ்துமஸ் சமயத்தில் சாமுவேல் ஷார்ப் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் எழுந்தார்கள். ஷார்ப்பை அடுத்த ஆண்டு தூக்கிலிட்டார்கள். அந்தக் கிளர்ச்சி கொடுத்த அதிர்ச்சியும் சேர்ந்துதான் 1833-ல் அடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தை நான் வகுப்பில் நடத்தும்போது பிள்ளைகள் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "நஷ்டஈடு யாருக்கு மிஸ்?" 2 கோடி பவுண்டு, அன்றைய அரசின் ஓராண்டுச் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம், முழுக்க முழுக்க எஜமானர்களுக்குப் போனது. உழைத்தவர்களுக்கு ஒரு காசு இல்லை. அதோடு, தொழில் பழகுகிறார்கள் என்ற பெயரில் 1838 வரை அதே தோட்டங்களில் கூலியில்லாமல் உழைக்கவும் வைத்தார்கள். அந்த நஷ்டஈட்டுக்காக வாங்கிய கடன் முழுதாக அடைந்தது 2015-ல்தான். அதாவது, அடிமைகளின் கொள்ளுப்பேரர்கள் பிரிட்டனில் கட்டிய வரியும், லண்டனில் நம் தமிழர்கள் கட்டிய வரியும்கூட அதில் சேர்ந்திருக்கிறது. இன்னொன்று: 1833 சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட இந்தியப் பகுதிகளையும் இலங்கையையும் விட்டுவிட்டது. இந்தியாவுக்குத் தனிச் சட்டம் 1843-ல்தான் வந்தது.

அப்பாவின் வீடு எனக்கு, அப்பாவின் கடன் எனக்கு வேண்டாம் என்று ஒரு மகன் சொன்னால் ஊர் ஒத்துக்கொள்ளுமா? கிளார்க்சனை "எங்கள் ஆள்" என்று சொல்கிறவர், கடையில் அந்தக் கைவிலங்கை விற்றவரையும் எங்கள் ஆள் என்று சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்லும் ஆங்கிலேயர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், எனக்கே தெரியும்.

பிரிஸ்டலில் 2020-ல் சிலையைத் தள்ளி ஆற்றில் போட்டார்களே, அது வரலாற்றை அழிப்பது இல்லையா?
*வாசகர், சேலம்*

என் மகள் அந்த ஊரில்தான் வேலை பார்க்கிறாள். அந்தச் சிலைக்குரிய எட்வர்ட் கோல்ஸ்டன் பள்ளிகளுக்கும் ஏழைகளுக்கும் வாரிக் கொடுத்தவர் என்று ஊரே கொண்டாடியது. அவர் பங்கு வைத்து நிர்வாகத்திலும் இருந்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனி, அவர் காலத்தில் மட்டும் சுமார் 84,000 பேரைக் கப்பலேற்றியது. அதில் 19,000 பேர் வழியிலேயே இறந்தார்கள். சிலை வைத்தது அவர் செத்து 174 ஆண்டுகள் கழித்து, 1895-ல். பீடத்தில் அடிமை வணிகத்தைப் பற்றி எழுதிவைக்கப் பல ஆண்டுகள் முயன்றும், வாசகம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் ஊர் ஒத்துப்போகவில்லை. அப்புறம்தான் அது துறைமுகத் தண்ணீருக்குள் போனது.

இப்போது அந்தச் சிலை எம் ஷெட் அருங்காட்சியகத்தில், பூசிய பெயிண்டோடு மல்லாந்து படுத்திருக்கிறது. நான் போய்ப் பார்த்தேன். ஒரு தாய் தன் சிறு பெண்ணுக்கு நிறுத்தி நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தார். நின்றிருந்த காலத்தில் சொல்லாத வரலாற்றை அந்தச் சிலை இப்போதுதான் சொல்கிறது என்பது என் கருத்து. சட்டத்தைக் கையில் எடுத்தது சரியா என்று கேட்டால், நகராட்சியே முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும் என்பேன்.

அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு கொடி கட்டுகிறார்கள். "எல்லா மனிதரும் சமம்" என்று எழுதிய ஜெஃபர்சனே அடிமைகளை வைத்திருந்தாராமே. அப்படியானால் அந்த நாட்டுப்பற்று பொய்தானே?
*கல்லூரி மாணவி, மதுரை*

வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களை அவர் அடிமையாக வைத்திருந்தார் அம்மா. ஜார்ஜ் வாஷிங்டனும் வைத்திருந்தார். அவரிடமிருந்து 1776-ல் தப்பி பிரிட்டிஷ் படையிடம் போனவர் ஹாரி வாஷிங்டன், காம்பியாவில் பிறந்தவர். அமெரிக்கா விடுதலைக்குப் போராடும்போது, அவர் தன் விடுதலையை எதிரி முகாமில் தேட வேண்டியிருந்தது. போர் முடிந்ததும் பிரிட்டிஷ் கப்பலில் இன்றைய கனடாவிலுள்ள நோவா ஸ்கோஷியா போனார், பிறகு மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோன். அங்கே குடியேறியவர்களின் நிலத்துக்கு பிரிட்டிஷ் கம்பெனி வரி கேட்டபோது, 1800-ல் அதை எதிர்த்து எழுந்தவர்களோடு சேர்ந்தார். அந்தக் கம்பெனியே அவரை நாடு கடத்தியது. இரண்டு நாட்டுக் கொடியையும் இந்த ஒரு மனிதரை வைத்தே நான் புரிந்துகொள்கிறேன்.

ஆனாலும் பொய் என்று ஒதுக்காதீர்கள். ஃபிரெடரிக் டக்ளஸ் அடிமையாகப் பிறந்து தப்பியவர். அவருடைய விடுதலைப் பத்திரத்துக்குப் பணம் திரட்டிக் கொடுத்தவர்கள் பிரிட்டிஷ் நண்பர்கள், 1846-ல். 1852 ஜூலை 5 அன்று, அமெரிக்கச் சுதந்திர தினத்துக்கு மறுநாள், ரோசெஸ்டர் நகரத்து மேடையில் நின்று, "இந்த ஜூலை நான்கு உங்களுடையது, என்னுடையது அல்ல" என்றார். அந்தச் சுதந்திரப் பிரகடனத்தைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. அதன் கொள்கைகளை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். கொடி கட்டியவர்களைவிட அந்த நாட்டை அதிகம் நேசித்தவர் அவர் என்பேன்.

யேல் பல்கலைக்கழகத்தின் பெயர் நம் சென்னையிலிருந்து போனது என்கிறார்களே?
*வாசகர், தாம்பரம்*

எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். இங்கே சொந்த வியாபாரம் செய்து பெரும் பணம் சேர்த்தார். 1718-ல் அவர் அனுப்பிய புத்தகங்கள், துணி மூட்டைகளுக்கு நன்றியாக அந்தக் கல்லூரி அவர் பெயரை வைத்துக்கொண்டது. அவர் ஆட்சியில் சென்னைக் கரையிலிருந்து அடிமைகள் செயின்ட் ஹெலனா தீவுக்கு ஏற்றப்பட்டதும் கம்பெனிப் பதிவுகளில் உண்டு. அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக அந்தப் பல்கலைக்கழகம் 2024-ல் மன்னிப்புக் கேட்டது.

பிரிட்டன் அரசு எப்போதாவது தன் குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கிறதா?
*வாசகர், புதுச்சேரி*

கென்யாவில் 1950-களில் பிரிட்டிஷ் ஆட்சியின் முகாம்களில் சித்திரவதைப்பட்ட முதியவர்கள் லண்டன் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். அந்த வழக்கால்தான், 37 முன்னாள் காலனிகளிலிருந்து கொண்டுவந்து ஹான்ஸ்லோப் பார்க் என்ற அரசு வளாகத்தில் மறைத்து வைத்திருந்த சுமார் 8,800 கோப்புகள் 2011-ல் வெளியே தெரிந்தன. அரசுக்குச் சங்கடம் தரும் தாள்கள் புதிய அரசுகளின் கையில் சிக்கக் கூடாது என்று 1961-லேயே உத்தரவு. எத்தனையோ கோப்புகளை எரித்தே விட்டார்கள். 2013-ல் 5,228 பேருக்காக 1.99 கோடி பவுண்டு கொடுக்க ஒப்புக்கொண்டு, மனமார வருந்துவதாக வெளியுறவு அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். சட்டப்படியான பொறுப்பை மட்டும் ஏற்கவில்லை.

இதில் அமெரிக்கா ஒரு படி முன்னே நின்றிருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் முகாமில் அடைத்த ஜப்பானிய வம்சாவளியினரிடம் 1988-ல் சட்டத்திலேயே மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுத்தது.

என் தாத்தா வெள்ளைக்காரன் ஆட்சியில் சிறை சென்றவர். லண்டனில் பிறந்த என் பேரன் இங்கிலாந்துக் கொடியை முகத்தில் வரைந்துகொண்டு மேட்ச் பார்க்கப் போகிறான். மனசு கேட்கவில்லை.
*வாசகி, தஞ்சாவூர்*

வரைந்துகொள்ளட்டும் அம்மா. அது அவன் பிறந்த மண். உங்கள் தாத்தாவின் சிறைக் கதையையும் நீங்களே அவனுக்குச் சொல்லுங்கள், தள்ளிப்போடாதீர்கள். அதோடு அவன் நாட்டிலேயே நடந்த ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1963-ல் பிரிஸ்டல் பஸ்களில் கறுப்பர்களையும் ஆசியர்களையும் டிரைவர், கண்டக்டர் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். பால் ஸ்டீபன்சன் என்ற இளைஞரும் நண்பர்களும் மாதக்கணக்கில் பஸ் புறக்கணிப்பு நடத்தினார்கள், வெள்ளைக்கார மாணவர்களும் ஊர்வலம் போனார்கள். வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் தன் கனவைப் பற்றிப் பேசிய அதே ஆகஸ்ட் 28 அன்று கம்பெனி பணிந்தது. அடுத்த மாதம் ரக்பீர் சிங் என்ற சீக்கியர் கண்டக்டர் ஆனார். 1965-ல் பிரிட்டனின் முதல் இனப் பாகுபாடு தடைச் சட்டம் வந்ததற்கு இந்தப் போராட்டமும் ஒரு காரணம். பிரிஸ்டல் பஸ் நிலையத்தில் இதற்கு ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. விடுமுறையில் அவனை அங்கே கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.