"கைது செய்யவில்லை, விசாரிக்கத்தான் கூப்பிட்டோம்": அடிப்படை உரிமைகள் பற்றிய வாசகர் கேள்விகள்

கொட்டாஞ்சேனை வாசகர்: என் மகனைச் சந்தியில் நிறுத்தி, "சின்ன விசாரணை" என்று சொல்லிப் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். இரவு 9 மணிக்குத்தான் விட்டார்கள். கேட்டால், கைது செய்யவே இல்லை என்கிறார்கள். ஐந்து வாரமாகிவிட்டது. வழக்குப் போடலாமா?

பொலிஸார் கைது என்று பெயர் வைக்காததால் அது கைது இல்லை என்றாகிவிடாது. 1980களில் நமசிவாயம் எதிர் குணவர்தன வழக்கிலும் இதே வாதம்தான் வந்தது. பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவரைக் கூட்டிப்போய்விட்டு, நிலையத்துக்கு வரும்படி கேட்டோம், அவ்வளவுதான் என்றார்கள். பிரதம நீதியரசர் சர்வானந்தா அதை ஏற்கவில்லை. தான் நினைத்த இடத்துக்குப் போகும் சுதந்திரம் அந்த மனிதருக்கு அப்போது இருந்ததா என்பதே அவர் பார்த்த விடயம். அது இல்லாததால் சட்டத்தின் கண்ணில் அது கைதுதான். கைது என்றால் காரணம் சொல்லியாக வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் உறுப்புரை 13(1).

உங்கள் சிக்கல் அந்த ஐந்து வாரத்தில் இருக்கிறது. உறுப்புரை 126(2)இன்படி உரிமை மீறப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும், தெரிந்த ஒரு பெரியவர் மூலம் பேசிப் பார்ப்போம் என்று இருந்துவிட்டு, முப்பத்தைந்தாம் நாள் புதுக்கடை நீதிமன்ற வளாகத்துக்கு வருபவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். நல்ல வழக்கு நாட்காட்டியில் செத்துப்போயிருக்கும்.

ஒரு வாசல் மட்டும் உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலத்தை மாதக் கணக்கில் சேர்ப்பதில்லை. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அது. ஆனால் முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டைக் காட்டினால் மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடப்பதைக் காட்டு என்று கேட்ட தீர்ப்புகளும் உண்டு. ஆகவே ஆணைக்குழு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் உறையோடு பத்திரப்படுத்துங்கள். தடுப்புக் காவலில் இருந்தவருக்கு, அந்தக் கட்டுப்பாடு நீங்கிய பின்பே நாட்களை எண்ண வேண்டும் என்று நீதிமன்றம் தளர்வு காட்டியிருக்கிறது. அன்றிரவே வீடு திரும்பிய உங்கள் மகனுக்கு அது உதவாது. முறைப்பாடு எதுவும் கொடுக்கவில்லையென்றால், வருத்தத்தோடு சொல்கிறேன், இந்த வழி அடைபட்டுவிட்டது.

பம்பலப்பிட்டி உயர்தர மாணவி: கோடீஸ்வரன் வழக்கில் அவர் வென்றார் என்று ஒரு குறிப்பிலும் தோற்றார் என்று இன்னொன்றிலும் இருக்கிறது. எது சரி, சேர்?

இரண்டையும் எழுதியவர்கள் பாதிக் கதையோடு நிறுத்திவிட்டார்கள், மகள். கோடீஸ்வரன் அரசாங்க எழுதுவினைஞர். சிங்களத் தேர்ச்சி இல்லை என்று ஒரு திறைசேரிச் சுற்றறிக்கையைக் காட்டி 1962இல் அவருடைய சம்பள ஏற்றத்தை நிறுத்தினார்கள். அவர் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் போனார். சுற்றறிக்கைக்கு வேர், சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம். ஒரு சமூகத்தவருக்கு இல்லாத இடர்ப்பாட்டை இன்னொரு சமூகத்தவர் மீது எந்தச் சட்டமும் சுமத்தக்கூடாது என்று அன்று நடைமுறையில் இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சொன்னது. 1964இல் மாவட்ட நீதிபதி டி கிரெட்சர், மொழிச் சட்டமே அந்தப் பிரிவுக்கு முரண் என்று தீர்ப்பளித்தார். ஒரு சம்பள ஏற்றத்துக்காகப் போன மனிதர் ஒரு சட்டத்தையே சாய்த்துவிட்டார்!

அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. 1967இல் உயர் நீதிமன்றம் மொழிப் பக்கமே போகவில்லை. முடிக்குரிய ஊழியர், அதாவது அரச ஊழியர், சம்பளம் கேட்டு வழக்குப் போட முடியாது என்று சொல்லி அதோடு முடித்தது. அன்று எங்கள் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவிக் கவுன்சில் 1969 டிசம்பரில் அதைப் புரட்டி, வழக்குப் போடலாம், மொழிச் சட்டம் செல்லுமா என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள் என்று உயர் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. அந்த முடிவு வரவே இல்லை. 1971இல் பிரிவிக் கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிந்தது. 1972இன் குடியரசு அரசியலமைப்பில் 29ஆம் பிரிவும் இல்லாமல் போனது. பரீட்சையில் "சம்பளம் கேட்கும் உரிமையில் வெற்றி, மொழிக் கேள்விக்கு விடையில்லை" என்று எழுதுங்கள். புள்ளி குறைத்தால் ஆசிரியரோடு நான் பேசுகிறேன்.

வெள்ளவத்தை வாசகி: தமிழில் எழுதிய விண்ணப்பத்துக்குச் சிங்களத்தில் பதில் வருகிறது. வாக்குமூலத்தையும் சிங்களத்தில் எழுதி ஒப்பமிடச் சொல்கிறார்கள்.

1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதிகளில்கூட, நீங்கள் தமிழில் அலுவல் பார்க்கலாம், எழுதிய மொழியிலேயே பதில் பெறலாம் என்கிறது உறுப்புரை 22. எனக்கே ஓர் அலுவலகம் சிங்களத்தில் பதில் அனுப்பியது. அந்த உறுப்புரையின் இலக்கத்தை மட்டும் குறிப்பிட்டு இரண்டு வரியில் திருப்பி எழுதினேன். ஐந்து வாரத்தில் தமிழில் வந்தது. "உரிமையாளர்" அதில் "உரிமையாலர்" ஆகியிருந்தார், அது வேறு விடயம். எழுதியும் அசையாத இடத்துக்கு அரசகரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது.

வாக்குமூலத்தில் மட்டும் பெருந்தன்மை வேண்டாம். விளங்காததில் ஒப்பமிடாதீர்கள். தமிழில் பதியச் சொல்லுங்கள். இயலாது என்று வற்புறுத்தினால், "எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது" என்று ஒப்பத்துக்கு மேலே தமிழில் எழுதிவிடுங்கள். பின்னாளில் அந்த ஒரு வரி பேசும்.

கிராண்ட்பாஸ் வாசகர்: தோட்டத்தில் தண்ணீர் வருவதில்லை. வெறுங்குடத்தைத் தட்டிக்கொண்டு நின்றால் பிடிப்பார்களா?

1992 ஜூலை 1ஆம் திகதி "ஜனகோஷ" என்று நாடெங்கும் மணியடித்து, ஹோர்ன் அடித்து, சட்டிபானை தட்டி எதிர்ப்புக் காட்டினார்கள். ஓரிடத்தில் பொலிஸ் அதிகாரி மேளத்தையே பறித்துவிட்டார். அமரதுங்க எதிர் சிரிமல் வழக்கில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ, அந்த ஓசையும் உறுப்புரை 14(1)(அ) காக்கும் கருத்துவெளிப்பாடுதான் என்றார். குடமும் அதே இனம். பாதையை மறிக்காமல் ஓரமாக நின்று தட்டுங்கள்.

தெமட்டகொடை வாசகர்: தனியார் கம்பனி முதலாளி லீவு தராததற்கு அடிப்படை உரிமை மனுப் போடலாமா?

முடியாது. அரசின் நிறைவேற்று, நிர்வாகத் துறைகளின் செயலுக்கு எதிராகத்தான் அந்த மனு. நீங்கள் போகவேண்டிய இடம் தொழில் திணைக்களம்.

புறக்கோட்டை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருப்பவர்: மலையகத்திலிருந்து வேலைக்கு வந்தவன். "எதற்காகக் கொழும்பில் இருக்கிறாய்?" என்று கேட்கிறார்கள். காரணம் சொல்லத்தான் வேண்டுமா?

இலங்கைக்குள் நடமாடவும் விரும்பிய இடத்தில் வசிக்கவும் ஒவ்வொரு பிரசைக்கும் உரிமை உண்டு: உறுப்புரை 14(1)(ஏ). சட்டப்படி அடையாளம் கேட்டால் அட்டையைக் காட்டுங்கள். "தக்க காரணம் இல்லை, ஊருக்குப் போ" என்று சொல்ல அவர்களுக்கு அதிகாரம் இல்லை.

2007 ஜூன் 7ஆம் திகதி விடியலில் அதைத்தான் செய்தார்கள். கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். வைத்தியத்துக்கு வந்தவர்களும் வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் மனுவோடு உயர் நீதிமன்றம் போனது. மறுநாளே இடைக்காலத் தடை உத்தரவு வந்தது. பின்னர் பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்.

அந்த மனு 24 மணித்தியாலத்தில் புதுக்கடைக்கு வந்துவிட்டது என்பதைக் கொட்டாஞ்சேனை வாசகரும் கவனிக்கலாம். உங்களை யாராவது மிரட்டினால் பஸ் புறப்படும்வரை காத்திராமல் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். எடுத்தவரின் பெயரையும் நேரத்தையும் ஒரு துண்டில் குறித்து, அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்.