பழைய ஜியான் சிப் இரண்டு, மதர்போர்டு ஒன்று: உங்கள் கேள்விகளும் பதில்களும்

சர்வர்களில் ஓடி முடித்த பழைய இன்டெல் ஜியான் சிப்களைக் கொண்டு இரட்டைப் பிராசஸர் வொர்க்ஸ்டேஷன் (கனமான வேலைகளுக்கான கம்ப்யூட்டர்) அமைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, நான் அனிமேஷன் படிக்கிறேன். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் (காட்சிகளைக் கணக்கிட்டுப் படமாக்குவது) போட்டால் லேப்டாப் ராத்திரி முழுக்க ஓடுகிறது. செலவு குறைவாக எந்த சிப் வாங்கலாம்?

இன்டெல் ஜியான் இ5-2680 வி4 இரண்டு வாங்குங்கள் தம்பி. ஒவ்வொன்றிலும் 14 கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), 28 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்). மின்சாரம் 120 வாட். 2016இல் வந்தபோது இதன் பட்டியல் விலை 1,745 டாலர். டேட்டா சென்டர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சர்வர்களை மொத்தமாகக் கழித்துவிடுவதால், இன்று பழைய சந்தையில் அந்த விலையில் சிறு பங்குக்கே கிடைக்கிறது.

இன்னும் மலிவாக இருக்கிறதே என்று வி2 (இதன் பழைய தலைமுறை) பக்கம் போகாதீர்கள். அது டிடிஆர்3 ரேம் காலத்துச் சிப். பல எண்களை ஒரே அடியில் கணக்கிடும் ஏவிஎக்ஸ்2 கட்டளைகளும் அதில் இல்லை. மாடல் எண்ணையும் கவனித்து வாங்குங்கள். இ5-1650, இ5-1680 என்று 1இல் தொடங்குபவை ஒற்றைச் சாக்கெட்டில் (போர்டில் சிப் உட்காரும் இடம்) மட்டுமே ஓடும். அவற்றில் இரண்டை வாங்கி ஒரே போர்டில் போட முடியாது.

இரண்டு சிப் போட்டால் வேகம் இரண்டு மடங்கு ஆகுமா? எடிட்டிங், கேம் இரண்டும் வேண்டும்.

வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்க முடிந்தால் நல்ல பலன் உண்டு. ரெண்டரிங், பெரிய மென்பொருளைக் கம்பைல் செய்வது, பல விர்ச்சுவல் மெஷின்களை ஒன்றாக ஓட்டுவது எல்லாம் அந்த வகை. கேமுக்கும், டைம்லைனை இழுத்துப் பார்க்கும் எடிட்டிங்குக்கும் ஒற்றைக் கோரின் வேகம்தான் முக்கியம். 2680 வி4 டர்போவிலேயே (சிப் தானாக எட்டும் உச்ச வேகம்) 3.3 கிகாஹெர்ட்ஸ்தான். இன்றைய சாதாரண ஐ5 அதை அந்த வேலைகளில் எளிதாக முந்திவிடும். கேம்தான் பிரதானம் என்றால் இந்த மெஷின் உங்களுக்கு வேண்டாம்.

போர்டு, கேபினெட், பவர் சப்ளை என்று தனித்தனியாக வாங்கவா, எச்பி, டெல் முழு மெஷினாக வாங்கவா?

பலரும் சிப்பைத் தேடி அலைகிறார்கள். சிப் எங்கும் கிடைக்கும், கெட்டுப்போவதும் அபூர்வம். நல்ல போர்டு கிடைப்பதுதான் கடினம். அதனால் எச்பி இசட்840, டெல் பிரிசிஷன் டி7810, டி7910 போன்ற முழு மெஷினைத்தான் நான் சொல்வேன். போர்டு, கூலர், கேபினெட், பவர் சப்ளை எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தி வந்துவிடும். இசட்840இல் 850 அல்லது 1125 வாட், டி7810இல் 685 அல்லது 825 வாட் பவர் சப்ளை இருக்கும். பெரிய கிராபிக்ஸ் கார்டு போடும் எண்ணம் இருந்தால் அதிக வாட் உள்ளதையே கேட்டு வாங்குங்கள். இந்தச் சிப்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. கார்டு எப்படியும் வேண்டும்.

இதில் ஒரு குறை உண்டு. பவர் சப்ளையும் போர்டும் அந்தந்த நிறுவனத்தின் தனி வடிவம். ஒன்று போனால் அதே மாடலுக்கான பாகத்தைத்தான் தேட வேண்டும்.

தனித்தனியாகத்தான் கட்டுவேன் என்றால் சூப்பர்மைக்ரோ எக்ஸ்10டிஆர்ஐ மாதிரி போர்டு நல்லது. அப்புறம் கூலர் விஷயம்: 2011-3 சாக்கெட்டில் சதுரம், குறுகியது என இரண்டு வகைப் பிடிப்பு உண்டு. ஒன்றின் கூலர் மற்றதில் உட்காராது. பவர் சப்ளையில் சிப்புக்கு ஒன்றாக இரண்டு 8 பின் இணைப்பு இருக்க வேண்டும்.

ரிச்சி தெருவில் வாங்கப் போகிறேன் சார். கடையில் நின்று என்ன பார்க்க வேண்டும்?

முதலில் சாக்கெட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இந்த வகையில் பின்கள் சிப்பில் இல்லை, போர்டில்தான் இருக்கின்றன. போன் கேமராவில் பெரிதாக்கி, சாய்வான வெளிச்சத்தில் வரிசை வரிசையாகப் பாருங்கள். ஒரு பின் வளைந்திருந்தாலும் ஒரு மெமரி சேனல் (சிப்புக்கும் ரேமுக்கும் நடுவிலுள்ள பாதை) முழுதாக வேலை செய்யாமல் போகலாம். மெஷின் ஆன் ஆகும், விண்டோஸும் வரும்; ரேம் மட்டும் குறைவாகக் காட்டும். அதனால் எல்லா ரேம் ஸ்லாட்டையும் நிரப்பி, பயாஸில் (மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும் போர்டின் மென்பொருள்) மொத்த அளவு சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

பயாஸுக்குள் போக முடிகிறதா என்பதும் முக்கியம். அலுவலகங்களிலிருந்து கழித்த மெஷின்களில் அட்மின் பாஸ்வேர்டு அப்படியே இருக்கும். அதை நீக்குவது பெரும் தலைவலி. வீட்டுக்கு வந்ததும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ஓர் இரவு ஓடவிடுங்கள். சோதனைக்காகத் திருப்பித் தரும் அவகாசத்தை முன்பே பேசி, பில்லில் எழுதி வாங்குங்கள். ஹார்டு டிஸ்க் மட்டும் பழையது வேண்டாம்.

என்னிடம் இரண்டு 32 ஜிபி ரேம் இருக்கிறது. போதுமா?

அளவு போதும், வேகம் போதாது. ஒவ்வொரு சிப்புக்கும் நான்கு மெமரி சேனல், மொத்தம் எட்டு. எட்டு 8 ஜிபி போட்டால் அதே 64 ஜிபியில் எல்லாச் சேனலும் வேலை செய்யும். இரண்டு சிப்புக்கும் சரிசமமாகப் பிரித்துப் போடுங்கள். ஒரு சிப் மற்றதன் ரேமைத் தொட வேண்டுமென்றால் நடுவிலுள்ள கியூபிஐ இணைப்பைத் தாண்டிப் போக வேண்டும், தாமதம் கூடும். சர்வர்களுக்கான ஆர்டிம் ரேம்தான் வாங்க வேண்டும். அதோடு எல்ஆர்டிம் என்ற இன்னொரு சர்வர் ரேம் வகையைக் கலக்கக் கூடாது.

வி4 சிப் போட்டேன், டிஸ்ப்ளே வரவில்லை. சிப் போய்விட்டதா?

பயாஸ் பழையதாக இருக்கலாம். அதற்கு முந்தைய தலைமுறை வி3 சிப் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டு, பயாஸைப் புதுப்பித்துவிட்டு வி4ஐ மாற்றிப் பாருங்கள்.

கரண்ட் பில் எகிறுமா?

முழு வேலையில் மெஷின் 350 வாட் இழுப்பதாக வையுங்கள். நாளுக்கு 8 மணி நேரம் ஓடினால் 2.8 யூனிட், இரண்டு மாத பில்லில் 168 யூனிட் கூடும். வீட்டில் ஏற்கெனவே ஏசி ஓடி, மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் தமிழ்நாட்டில் கட்டண விகிதமே மாறிவிடும். அந்தக் கணக்கைப் போட்டுவிட்டு வாங்குங்கள். சாதாரண 600 விஏ யுபிஎஸ் இந்தச் சுமையைப் பெரும்பாலும் தாங்காது.

விண்டோஸ் ஹோம் போதுமா?

போதாது. ஹோம் பதிப்பு ஒரு சாக்கெட்டை மட்டுமே பயன்படுத்தும். புரோ இரண்டையும் எடுத்துக்கொள்ளும். இந்தச் சிப்களை விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்பதில்லை, விண்டோஸ் 10இன் ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. ரெண்டருக்கென்றே ஒதுக்கும் மெஷினில் லினக்ஸ் போடுங்கள். பிளெண்டர் அதில் அருமையாக ஓடும்.

இப்போது ஒரு சிப், பணம் சேர்ந்ததும் இன்னொன்று என்று வாங்கலாமா?

தாராளமாக. இரண்டாவது இல்லாதவரை அதன் பக்கத்து ரேம் ஸ்லாட்டுகளும் கார்டுகளைச் செருகும் சில பிசிஐ ஸ்லாட்டுகளும் தூங்கும், அவ்வளவுதான். பிறகு வாங்கும்போது சிப்பின் மேலுள்ள எஸ்-ஸ்பெக் குறியும் (இன்டெல் பொறிக்கும் வகைக் குறியீடு) ஒன்றாக இருக்கட்டும். 2680 வி4இல் அது எஸ்ஆர்2என்7. இந்தத் திட்டம் இருந்தால் எச்பி இசட்640ஐத் தவிர்த்துவிடுங்கள். அதில் இரண்டாவது சிப் போர்டில் செருகும் தனி ரைசர் கார்டில்தான் உட்காரும். அந்தக் கார்டைத் தேடிப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.